மட்டக்கம்பும் பிரில்லோ பெட்டியும்

ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்குப் போகும் சுற்றுலா வேன்கள் தலவாக்கலைக்கு முன்னால், டெவன் அருவி தெரியும் இடத்தில் நின்றுவிடும். இறங்குபவர்கள் அருவியையும் மலை முழுக்கப் படர்ந்த தேயிலையையும் சேர்த்துப் படமெடுத்து, ‘இயற்கை அழகு’ என்பார்கள். தேயிலை விஷயத்தில் இயற்கையின் பங்கு குறைவுதான். கைவைக்காமல் விட்டால் அது மரமாகிவிடும். கவ்வாத்து வெட்டி இடுப்பளவில் நிறுத்தி, வாரத்துக்கொரு தடவை கொழுந்தெடுத்து, மட்டக்கம்பை வைத்து மட்டம் பார்ப்பதால் கிடைப்பது அந்தப் பச்சைப் பரப்பு. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தொடங்கிய பயிருக்கு இன்றுவரை உருவம் கொடுப்பவை கூலிக்காரரின் கைகள்.

அழகை மதிப்பிடும்போது பயனும் ஆசையும் குறுக்கே வரக் கூடாது என்று 1790இல் எழுதினார் ஜெர்மன் தத்துவஞானி கான்ட். அதற்கு அவர் காட்டும் உதாரணம் ஓர் அரண்மனை. மக்களின் வியர்வையை வீண் ஆடம்பரத்தில் கொட்டிவிட்டார்களே என்று ஒருவர் ரூசோவைப் போலத் திட்டலாம். சரிதான், ஆனால் கேட்டது அதுவல்லவே என்று சொல்லி கான்ட் நகர்ந்துவிடுகிறார். சாலையோரத்தில் நிற்பவருக்கு அப்படி நகர்வது சுலபம். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசு முள்ளைப் பார்த்தபடி நிற்கும் பெண்ணுக்கு அந்த வசதி கிடையாது.

இலங்கையில் நவீன ஓவியத்தின் கதை கொழும்பில்தான் தொடங்குகிறது. லயனல் வென்ட் முன்னின்று 1943இல் அமைத்த ‘43 குழு’வில் ஜோர்ஜ் கீட், ஜஸ்டின் தெரணியகல, ஐவன் பீரிஸ் போன்றோர் இருந்தார்கள். கோடும் வண்ணமும் புதிதாயின. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பிள்ளைகள் இந்த வரலாற்றுக்குள் வந்தது வெகு பிந்தி.

அவர்களில் ஒருவர் ஹட்டனைச் சேர்ந்த ஹனுஷா சோமசுந்தரம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை படித்தவர். தேயிலைப் பையும் தேயிலைக் கறையும் அவருடைய ஊடகங்கள். தேயிலையின் படத்தை அவர் தருவதில்லை, தேயிலையையே தருகிறார். பைக்குள் பொதுவாக அடைக்கப்படுவது சலித்தபின் மிஞ்சும் பொடியும் தூளும் என்பதையும் நினைவில் வைப்பது நல்லது.

குப்பைக்கூடைக்குப் போகும் பை எப்படிக் கலையாகிறது? 1964இல் நியூயார்க்கில் ஆன்டி வார்ஹோல் பிரில்லோ சோப்புப் பெட்டிகளை அப்படியே மரப்பலகையில் செய்து அடுக்கியபோது, தத்துவவியலாளர் ஆர்தர் டான்டோ இதையே கேட்டார். கடைப் பெட்டிக்கும் கலைப் பெட்டிக்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது; கலைக் கோட்பாடும் கலை வரலாறும் தெரிந்தவருக்கே பிடிபடும் என்றார்.

அதே 1964இன் அக்டோபரில் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்த இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழர்களைப் பங்கு பிரித்தார்கள்: இந்தியாவுக்கு 525,000 பேர், இலங்கைக்கு 300,000 பேர், மீதி 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். ஹனுஷாவின் தேயிலைப் பையைப் பார்க்க டான்டோ கேட்ட கலை வரலாறு மட்டும் போதாது. இந்தக் கணக்கும் தெரிய வேண்டும். கான்ட் வாசலில் நிறுத்திய வியர்வை இங்கே படைப்பின் பொருளாகவே உள்ளே வந்துவிடுகிறது.

ஒரு சிக்கல் உண்டு. தேயிலைக் கறை பார்க்க அழகானது. பழைய புகைப்படத்தின் பழுப்பு. சட்டமிட்டு வெள்ளைச் சுவரில் மாட்டினால் கொழும்பு வரவேற்பறை எதற்கும் பொருந்திவிடும், கணக்கு தெரியாதவரும் ரசிப்பார். கலைக்கூடத்துக்குள் போகும் எந்த எதிர்ப்புக்கும் நேரும் விபத்து இது. ஹனுஷாவின் குறை என்று சொல்ல முடியாது.

கலைக்கூடமே தேவைப்படாத ஒரு கலை இதே மலைகளில் இருக்கிறது. மாசியில் தோட்டத்துச் சனங்களே ஆடி, தோட்டத்துச் சனங்களே பார்க்கும் காமன் கூத்தில் கான்ட் கேட்ட இடைவெளிக்கு இடம் உண்டா என்பது அடுத்த வாரத்துக் கேள்வி.