உமிழ்நீர் சொல்லும் உண்மை

"சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும்" என்பது நம் முன்னோர் வாக்கு. மாலை மணி அடித்ததும் பந்தை எடுத்துக்கொண்டு திடலுக்கு ஓடும் நமக்கு இப்பழமொழி நன்கு பொருந்தும். சில நாட்களில் மான்போல் ஓடுகிறோம். வேறு சில நாட்களிலோ கால்கள் இரும்பாய்க் கனக்கின்றன. "என்ன, சோம்பலா?" என்று கேட்டால் நமக்கே விடை தெரிவதில்லை. அது சோம்பலா, உண்மையான களைப்பா? இதை அறியும் வழிகளுள் ஒன்று நம் வாயிலேயே ஊறுகிறது. அதுதான் உமிழ்நீர்.

உமிழ்நீர் என்பது என்ன?

காதுக்கு முன்புறமும், தாடைக்கு அடியிலும், நாக்கின் கீழும் மூன்று இணைச் சுரப்பிகள் உள்ளன. இவை நாள்தோறும் அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீரைச் சுரக்கின்றன. அதில் ஏறத்தாழ 99 விழுக்காடு தண்ணீரே. எஞ்சிய சிறு பகுதியில்தான் செய்தி இருக்கிறது. அதில் இரண்டு பொருள்களைக் காண்போம்.

முதலாவது கார்ட்டிசால். சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் சுரப்பி தரும் ஹார்மோன் இது. உடலுக்கோ மனத்துக்கோ நெருக்கடி வரும்போது இது மிகும். இரத்தத்தில் இதன் பெரும்பகுதி புரதத்தோடு பிணைந்திருக்கும். பிணையாத பகுதி உமிழ்நீருக்குள் எளிதில் கசிந்து வரும். ஆகவே ஊசி குத்தாமலே இதை அளக்கலாம். விழித்தெழுந்து 30 முதல் 45 நிமிடங்களுக்குள் இது உச்சத்தை அடைகிறது; பின்னர் படிப்படியாகக் குறைந்து, நள்ளிரவை ஒட்டி மிகவும் தாழ்கிறது. இரவு ஷிப்டு முடித்துக் காலையில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலிருந்து வீடு திரும்பும் நம் தந்தையருக்கு, பகலில் படுத்தாலும் நல்ல உறக்கம் வராததற்கு இத்தகைய உடற்கடிகாரமும் ஒரு காரணம்.

இரண்டாவது, 'ஐ.ஜி.ஏ.' எனப்படும் நோய் எதிர்ப்புப் பொருள். மூக்கு, தொண்டை வழியாக நுழையும் கிருமிகளை வாயிற்காவலன்போல் இது தடுக்கிறது. ஓய்வின்றிக் கடும் பயிற்சி செய்வோரிடம் இக்காவல் தளர்வதுண்டு. பனிச்சறுக்கு வீரர்களிடம் இப்பொருள் குறைவாக இருந்ததை அமெரிக்க ஆய்வாளர்கள் 1982-இலேயே எடுத்துக்காட்டினர்.

எவ்வாறு சோதிக்கிறார்கள்?

ஒரு கால்பந்தாட்டத்தில் வீரரோ வீராங்கனையோ ஏறத்தாழ 10 கிலோமீட்டர் ஓட வேண்டியிருக்கும். அடுத்த ஆட்டத்துக்குள் உடல் தேறியதா என்று அறிய, இங்கிலாந்து போன்ற நாடுகளில் சில தொழில்முறைக் கழகங்கள் உமிழ்நீரைச் சோதித்து வந்துள்ளன. வாயில் தானாக ஊறும் நீரைச் சிறு குழாயில் வடிய விடலாம். அல்லது பஞ்சுத் துண்டை வாயில் வைத்து நனைத்து எடுக்கலாம். அதற்குச் சற்று முன் உணவு உண்ணவோ பல் துலக்கவோ கூடாது. ஈறிலிருந்து ஒரு துளி இரத்தம் கலந்தாலும் கணக்குத் தவறிவிடும். நாள்தோறும் ஒரே நேரத்தில் எடுப்பதும் இன்றியமையாதது. காலை அளவையும் மாலை அளவையும் ஒப்பிட்டால் குழப்பமே மிஞ்சும். பிறகு மாதிரியைக் குளிரில் உறைய வைத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவர். கொரோனாக் காலத்தில் நாம் கண்ட சோதனைப் பட்டையைப் போன்ற ஒன்றைக் கொண்டு, திடலிலேயே சில நிமிடங்களில் அளப்பதும் உண்டு.

மேரியின் அளவை மும்தாஜின் அளவோடு ஒப்பிடக் கூடாது. ஒவ்வொருவரையும் அவரவருடைய நல்ல நாட்களோடுதான் ஒப்பிட வேண்டும். அமெரிக்கக் கோப்பைப் பாய்மரப் படகுப் போட்டியின் வீரர்கள் 38 பேரை 50 வாரங்கள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2008-இல் வெளியாயிற்று. ஒருவருடைய ஐ.ஜி.ஏ. அளவு, அவர் நலமாக இருந்த நாட்களின் சராசரியில் 40 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கினால், அடுத்த மூன்று வாரங்களில் அவருக்குச் சளித் தொல்லை வரும் வாய்ப்பு சரிபாதி என்று அது கண்டது. நோய் வருமுன்னே உமிழ்நீர் எச்சரிக்கை மணி அடிக்கிறது!

எது தெரியாது?

உமிழ்நீருக்கும் எல்லை உண்டு. பெண்களாகிய நம்மைப் பெரிதும் வாட்டும் இரத்தசோகையை இந்தச் சோதனை காட்டாது. அதற்கு இரத்தம்தான் பார்க்க வேண்டும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் 59 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். ஆகவே கால் கனக்கும் தோழியைச் 'சோம்பேறி' என்று அழைக்குமுன் நாம் ஒருமுறை சிந்திக்க வேண்டாமா?

பண்டைக் காலத்தில் நம் நாட்டில் குற்றம் சாட்டப்பட்டவரை அரிசி மென்று துப்பச் செய்து, அதைக் கொண்டு தீர்ப்புக் கூறும் வழக்கம் இருந்தது. அஞ்சியவருக்கு வாய் உலரும் என்பது உண்மையே. ஆனால் குற்றமற்றவரும் அஞ்சுவார் அல்லவா? இன்றைய சோதனையையும் அவ்வாறு தீர்ப்பாகக் கொள்ளலாகாது. ஒரே ஒரு நாளின் அளவைக் காட்டி ஒரு வீராங்கனையை அணியிலிருந்து நீக்குவது, பழைய அரிசிச் சோதனையையே மீண்டும் நடத்துவது போலாகும்.

நாம் செய்யக்கூடியது

தமிழ்நாட்டு மகளிர் அணி 2018-இல் கட்டக்கில் மணிப்பூரையும், 2023-இல் அமிர்தசரஸில் அரியானாவையும் 2-1 என்ற கணக்கில் வென்று தேசியப் பட்டம் சூடியது. அப்பட்டங்களைக் கண்டு ஆசை கொள்ளும் நமக்குத் திருவள்ளூரிலோ கும்மிடிப்பூண்டியிலோ உமிழ்நீர்ச் சோதனைக்கூடம் இல்லையே என்ற ஏக்கம் தேவையில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வெளிவந்த ஒரு கட்டுரை வியப்பான முடிவைத் தந்தது. தம் களைப்பையும் மனநிலையையும் பற்றி வீரர்கள் தாமே தரும் விடைகள், பயிற்சியின் சுமையை இரத்தம், உமிழ்நீர் போன்றவற்றின் அளவுகளைவிட நுட்பமாகக் காட்டினவாம்!

அவ்வாறெனில் நமக்கு வேண்டியது ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகமே. எத்தனை மணி நேரம் உறங்கினோம், காலையில் என்ன உண்டோம், களைப்பு ஐந்துக்கு எவ்வளவு, தொண்டை கரகரக்கிறதா என்று நாள்தோறும் நான்கு வரி எழுதுவோம். பெற்றோரே, பயிற்சிக்கு வரும் மகளுக்கு வெறும் வயிறு வேண்டாம். தேர்வுக் காலத்திலும் அவள் உறக்கத்தைக் குறைக்காதீர்கள்.

எனினும் அந்நோட்டில் எழுதுவது உண்மையாக இருக்க வேண்டும். "இன்று களைப்பாக இருக்கிறது" என்று சொன்னால் ஏச்சு விழும், அணியில் இடம் போய்விடும் என்று அஞ்சும் பெண் பொய்யே எழுதுவாள். உமிழ்நீருக்கு அத்தகைய அச்சம் இல்லை. அதனால்தான் அது உண்மை சொல்கிறது. அச்சமின்றி நாமும் உண்மை சொல்லும் திடலாக நம் திடல் அமையட்டும். அத்திடலில் பந்து இன்னும் வேகமாய் ஓடும்!