பின்பெட்டியைத் திறந்தேன், ஸ்பேர் டயரைக் காணோம்!

ஞாயிற்றுக்கிழமை மாலை மணி 6.30 இருக்கும். கம்போங் ராஜாவைத் தாண்டி, கோலா தெர்லாவில் இருக்கும் மாமா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். மழை விட்டிருந்தாலும் பனிமூட்டம் சாலையை மூடியிருந்தது. எதிரே வந்த காய்கறி லோரிக்கு வழிவிட நான் இடது பக்கம் ஒதுங்க, முன்சக்கரம் சாலையோரக் கால்வாயின் சிமெண்ட் விளிம்பில் உரசியது. 'டப்' என்று ஒரு சத்தம். கார் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு நொண்டியது.

பக்கத்து இருக்கையில் அப்பா. வயது 69. பீடோர் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். இளமையில் கேமரன் மலையிலிருந்து ஈப்போவுக்குக் காய்கறி லோரி ஓட்டியவர். அப்போது சிம்பாங் பூலாய் சாலை கிடையாது. எல்லாமே தாப்பா வளைவுகள் வழிதான்.

"ஒண்ணுமில்லம்மா, பத்து நிமிச வேலை. ஜாக்கை எடு" என்று சொல்லிக்கொண்டே அப்பா கதவைத் திறந்து இறங்கிவிட்டார்.

நான் பின்பெட்டியைத் திறந்து விரிப்பைத் தூக்கினேன். ஸ்பேர் டயர் இருக்க வேண்டிய பள்ளத்தில் வெள்ளை நிற நுரைத்தட்டு ஒன்றுதான் இருந்தது. அதில் காற்றடிக்கும் சின்னக் கருவி, ஒரு பாட்டில், இழுவைக் கொக்கி. ஸ்பேர் டயர் இல்லை. ஜாக் இல்லை. ஸ்பேனரும் இல்லை.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலையும் வானொலியில், "ஊருக்குக் கிளம்புகிறீர்களா? டயர் காற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று நேயர்களுக்கு அறிவுரை சொல்பவள் நான். கார் வாங்கி எட்டு மாதமாகியும் அந்த விரிப்பை ஒரு முறைகூடத் தூக்கிப் பார்த்ததில்லை.

ஏன் எடுத்துவிட்டார்கள்?

தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினர்கள் ஸ்பேர் டயரை 'ஸ்டெப்னி' என்பார்கள். அது ஒரு தெருவின் பெயர். 1904-இல் வேல்ஸ் நாட்டின் லானெல்லி நகரில், ஸ்டெப்னி தெருவில் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள்தான் காருக்கு மாற்றுச் சக்கரம் என்ற ஒன்றை உருவாக்கி விற்றார்கள். அதுவரை கார்கள் ஸ்பேர் இல்லாமல்தான் ஓடின. டயர் போனால் சாலையோரத்திலேயே உட்கார்ந்து ஒட்ட வேண்டும். நூறு ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டு, கார்கள் இப்போது பழைய இடத்துக்கே திரும்பிக்கொண்டிருக்கின்றன.

காரணம் எடையும் இடமும்தான். சக்கரம், ஜாக், ஸ்பேனர் எல்லாம் சேர்ந்தால் 15 முதல் 20 கிலோ வரும். எடை குறைந்தால் எண்ணெய்ச் செலவு குறையும். தயாரிப்புச் செலவும் மிச்சம். ஹைபிரிட், மின்சாரக் கார்கள் பலவற்றில், முன்பு ஸ்பேர் டயர் இருந்த இடத்தை மின்கலம் பிடித்துக்கொண்டது. சில விலை உயர்ந்த கார்களில் 'ரன் பிளாட்' என்ற தடித்த டயர் போடுகிறார்கள். காற்று முழுதாக இறங்கினாலும், மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மிகாத வேகத்தில் ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தூரம் அது ஓடும். மற்றவர்களுக்குக் கிடைப்பது அந்தப் பாட்டில்தான்.

பாட்டிலுக்குள் பால்

மங்கலான வெளிச்சத்தில் பாட்டிலைக் கருவியோடு பொருத்தி, குழாயை டயர் வாயில் மாட்டி, இயந்திரத்தை ஓடவிட்டபடி சுவிட்சைப் போட்டேன். சிறிது நேரத்தில் டயரின் பக்கவாட்டிலிருந்து வெள்ளையாக ஒழுக ஆரம்பித்தது. அப்பா குனிந்து விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார்.

"இது பால்மரத்துப் பால் வாடைல்ல அடிக்குது!"

அவர் சொன்னது சரிதான். இந்தப் பாட்டில்களில் பலவற்றில் இருப்பது ரப்பர் பால் கலந்த திரவம். ஆணி குத்திய ஓட்டையின் வழியே காற்று சீறி வெளியேறும்போது, இந்தப் பாலும் கூடவே ஓடிப்போய் அங்கே உறைந்து அடைத்துக்கொள்ளும். தோட்டத்துக்காரர்களுக்குப் புரியும்படி சொன்னால், டயருக்குள்ளேயே ஒட்டுப்பால் கட்டுவது. பாட்டி சீவிய பால் உலகத்துக்கே டயர் ஆனது. அந்தப் பாலை நான் பாட்டிலில் வைத்துக்கொண்டிருந்தேன், அதை எதற்குப் பயன்படுத்துவது என்றுகூடத் தெரியாமல்!

அது எல்லா ஓட்டைக்கும் மருந்தல்ல. தரையில் படும் பாகத்தில் ஆணி குத்தி, ஓட்டை 4 மில்லிமீட்டர் அளவுக்குள் இருந்தால் பெரும்பாலும் அடைபடும். சில வகைகள் 6 மில்லிமீட்டர் வரை தாங்கும். பக்கவாட்டில் கிழிந்தால் அடைக்காது. வண்டி ஓடும்போது வளைந்து நெளியும் இடம் அது. எனக்குக் கிழிந்தது அங்கேதான். பாட்டிலைத் திறக்கும் முன் ஒரு நிமிடம் டயரைச் சுற்றிப் பார்த்திருந்தால், பாலையும் நேரத்தையும் வீணாக்கியிருக்க மாட்டேன்.

வளைவில் நின்ற அப்பா

இதற்கிடையே, அப்பா கைப்பேசி விளக்கை ஆட்டிக்கொண்டு வளைவுக்கே நடந்துவிட்டார். வருகிற வண்டிகளுக்கு எச்சரிக்கை காட்டுகிறாராம். அணிந்திருந்ததோ கறுப்புச் சட்டை. பனிக்குள்ளிருந்து ஒரு பிக்கப் வந்தது. அது பிரேக் போட்டு, ஈரச் சாலையில் சறுக்கி, அவருக்கு ஓர் ஆள் தூரத்தில் நின்றது. ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். இருவருக்குமே கை நடுங்கியது.

பிக்கப்புக்குப் பின்னால் வந்த காய்கறி லோரியும் நின்றது. இறங்கிய ஓட்டுநர் நம்மவர், திரிங்காப்காரர். முதலில் எங்களைத் திட்டினார்.

"ஐயா, டயர் போனா வேற வாங்கிக்கலாம். முதல்ல ரோட்டை விட்டு மேல ஏறி நில்லுங்க. தங்கச்சி, நீயும்தான். முக்கோணம் இருக்கா?"

இருந்தது. அதை நான் எடுக்கவே இல்லை. அவர் அதை வாங்கி, வளைவுக்கு அந்தப் பக்கம், வருகிறவர் கண்ணில் முன்கூட்டியே படும்படி வைத்தார். காரின் நான்கு விளக்குகளும் மின்னுகின்றனவா என்று பார்த்துவிட்டு, தெரிந்த டயர் கடைக்காரரை அழைத்தார். கடை மூடும் நேரம். மறுமுனையில் கேட்ட முதல் கேள்வி, "என்ன சைஸ்?"

எனக்குத் தெரியாது. அப்பாதான் லோரிக்காரரின் டார்ச்சை வாங்கி, டயர் பக்கவாட்டில் இருந்த எண்களைப் படித்தார்: 185/55 ஆர் 16. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு டயரின் பக்கவாட்டு உயரம் என்பது. கடைசி எண் சக்கரத்தின் விட்டம், அங்குலத்தில். இந்த மூன்றும் கையில் இருந்தால், கடைக்காரர் சரியான டயரோடு கிளம்பி வர முடியும்.

முக்கால் மணி நேரத்தில் ஜாக்கோடும் பழைய டயர் ஒன்றோடும் அவர் வந்து சேர்ந்தார். வேலை முடிந்ததும் லோரிக்காரர் தேநீர்க் காசுகூட வாங்கவில்லை. "ஐயா நம்ம லைன்காரர்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

உங்கள் காரிலும் ஸ்பேர் இல்லையென்றால்

அன்றைக்குப் பிறகு டயர் கடைக்காரரிடம் கேட்டும், கார் கையேட்டைப் புரட்டியும் தெரிந்துகொண்டவை இவை.

டயரில் காற்று இறங்கினால், சட்டென்று பிரேக் போடாமல் மெல்ல வேகத்தைக் குறைத்து, நேரான, சமதளமான இடத்தில் நிறுத்துங்கள். வளைவிலேயே நிற்பதைவிட, நடை வேகத்தில் சில மீட்டர் உருட்டிக் கடப்பது மேல். டயர் கெட்டுப்போகலாம், போகட்டும். இறங்கியவர்கள் தடுப்புக்கு அப்பால் நிற்க வேண்டும்.

ஆணி குத்தியிருந்தால் பிடுங்காதீர்கள். ஓட்டையைப் பாதி அடைத்துக்கொண்டிருப்பதே அதுதான். பாலையும் காற்றையும் ஏற்றியவுடன் வண்டியை ஓட்டுங்கள். சக்கரம் சுற்றினால்தான் பால் உள்ளே பரவும். 5 கிலோமீட்டர் அல்லது 10 நிமிடம் ஓட்டி, நிறுத்தி, காற்றைப் பாருங்கள். 130 கிலோபாஸ்கலுக்குக் கீழே இறங்கியிருந்தால் மேற்கொண்டு ஓட்டக்கூடாது. நின்றுவிட்டால், 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் அருகிலுள்ள டயர் கடைக்குப் போங்கள். உள்ளே பால் இருப்பதைக் கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள். சரியான காற்றழுத்தம் எவ்வளவு என்பது ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கும்.

பாட்டிலுக்கும் காலாவதி தேதி உண்டு. பொதுவாக நான்கைந்து ஆண்டுகள்தான். பழைய கார் வாங்கியவர்கள் இன்றே எடுத்துப் பாருங்கள்.

பிளஸ் நெடுஞ்சாலையில் என்றால் 1800-88-0000 எண்ணை அழைக்கலாம், ரோந்துக் குழு வரும். சிம்பாங் பூலாயில் இறங்கி மலையேறத் தொடங்கிவிட்டால் அந்தச் சேவை கிடையாது. அங்கே உங்கள் காப்புறுதியில் இழுவை லோரிச் சேவை இருக்கிறதா, எத்தனை கிலோமீட்டர் வரை இலவசம் என்பதுதான் கேள்வி. அதைக் கிளம்பும் முன்பே பார்த்து, எண்ணைத் தாளில் எழுதிக் காரில் வையுங்கள். மலையில் தொடர்பு கிடைக்கும் இடமும் உண்டு, கிடைக்காத இடமும் உண்டு.

அடிக்கடி தூரம் போகிறவர்கள், தங்கள் காருக்குப் பொருந்தும் மெலிந்த ஸ்பேர் சக்கரம் ஒன்றை ஜாக், ஸ்பேனரோடு வாங்கிக்கொள்வது நல்லது. நான் வாங்கிவிட்டேன். பின்பெட்டியில் பாதி இடம் போனது. மாமா வீட்டிலிருந்து வரும் முட்டைக்கோஸ் இப்போது பின்னிருக்கையில் பயணம் செய்கிறது.

அன்றிரவு மாமா வீட்டில் அப்பா அதிகம் பேசவில்லை. படுக்கப் போகும் முன், "லோரி ஓட்டுன காலத்துல எவனாச்சும் வளைவுல நின்னா நானே திட்டியிருக்கேன்" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த வெள்ளிக்கிழமை நிகழ்ச்சியில் வழக்கமான அறிவுரையோடு ஒரு வரியைச் சேர்த்துக்கொண்டேன்: "டயர் காற்றைப் பாருங்கள். அப்படியே பின்பெட்டி விரிப்பையும் ஒரு முறை தூக்கிப் பாருங்கள்."