வெயில் தாங்கும் கொடி ரோஜா

கோடை விடுமுறையில் உதகைக்கோ கொடைக்கானலுக்கோ செல்வோர், வேலியெங்கும் பூத்துப் படர்ந்திருக்கும் கொடி ரோஜாவைக் கண்டு மயங்கி ஒரு கன்றை வாங்கி வருவதுண்டு. சமவெளியில் நட்ட அக்கன்று மார்கழியில் தளிர்க்கும். அடுத்த சித்திரை வெயிலில் இலை உதிர்த்துக் குச்சியாய் நிற்கும். தண்ணீர் போதவில்லை, உரம் போதவில்லை என்று நம்மையே நொந்துகொள்கிறோம். பெரும்பாலும் பிழை வளர்ப்பில் இல்லை, தேர்வில் இருக்கிறது.

ரோஜா உண்மையில் கொடியன்று. அவரையைப்போல அது சுற்றிப் படர்வதில்லை. பாகலைப்போலப் பற்றுக்கம்பி வீசுவதுமில்லை. காட்டில் தன் நீண்ட தண்டுகளின் வளைந்த முட்களைப் பிற மரங்களில் கொக்கிபோல் மாட்டி மேலேறுகிறது. வீட்டில் அதனை நாம்தான் பந்தலிலோ கம்பிவேலியிலோ கட்டிவிட வேண்டும். தண்டை நிமிர்த்திக் கட்டினால், நுனிமொட்டில் சுரக்கும் ஆக்சின் பக்கமொட்டுகளை அடக்கிவிடுவதால் உச்சியில் மட்டுமே பூக்கும். படுக்கைவாக்கில் வளைத்துக் கட்டினால் கணுதோறும் கிளைத்துப் பூக்கும்.

மேலைநாட்டுத் தோட்டநூல்கள் 'வலிமை மிக்க ரோஜா' என்று கூறுவது பெரும்பாலும் குளிரைத் தாங்கும் ரோஜாவையே. கனடா நாட்டின் ஒட்டாவாவில் குளிர்காலத்தில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 30 பாகை வரையிலும் இறங்குவதுண்டு. அங்கு அரசு ஆய்வுப் பண்ணையில் பணியாற்றிய ஃபெலிசிடாஸ் ஸ்வெய்டா என்னும் பெண் அறிவியலார், அக்குளிரைத் தாங்கி மீண்டும் மீண்டும் பூக்கும் ரோஜாக்களைப் பல்லாண்டு உழைத்து உருவாக்கினார். 1978இல் வெளிவந்த 'ஜான் கபோட்', 1983இல் வெளிவந்த 'வில்லியம் பாஃபின்' ஆகிய கொடி ரோஜாக்கள் அவர் தந்தவை. கடலோடிகளின் பெயர் தாங்கிய இவை கனடாவின் பனிக்கு மிகப் பொருத்தமானவை. ஆனால் பனியில் உறங்கி எழும் செடிக்கு உரிய வலிமை வேறு. உறங்கவே விடாத நம் வெயிலில் தழைக்கும் வலிமை வேறு.

அத்தகைய வலிமைக்கு நாம் தொலைவில் தேட வேண்டியதில்லை. 1882இல் ஜார்ஜ் வாட் என்பவர் மணிப்பூர் மலைகளில் ஒரு காட்டு ரோஜாவைக் கண்டார். 'ரோசா ஜைஜான்டியா' எனப்படும் அது, பெரிய வெளிர்மலர்களுடன் மரங்களின் மீதேறிப் படரும் பேருருவச் செடி. வங்கத்தின் நீர்நிலைக் கரைகளில் வளரும் 'ரோசா கிளினோபில்லா' வெள்ளத்தையும் வெப்பத்தையும் ஒருங்கே பொறுப்பது. கொடைக்கானலில் வாழும் வீரராகவன், கிரிஜா இணையர் இவ்விரண்டையும் தோட்ட ரோஜாக்களுடன் கலந்து, வெப்பநாடுகளுக்கேற்ற புதிய வகைகளை உருவாக்கியுள்ளனர். கோவைக் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பணியாற்றிய தாவரவியல் அறிஞர் ஜானகி அம்மாளின் பெயரை ஒரு ரோஜாவுக்குச் சூட்டியவர்களும் இவர்களே.

பழைய வகைகளிலும் நமக்கேற்றவை உண்டு. சீனத்திலிருந்து ஐரோப்பா சென்ற 'தேயிலை ரோஜா'க்களின் மூதாதையருள் ஒன்று ஜைஜான்டியாவே. அவ்வழியில் 1864இல் பிரான்சில் தோன்றிய 'மரேஷால் நீல்' மஞ்சள் நிறமும் நறுமணமும் கொண்ட கொடி ரோஜா. இங்கிலாந்தில் குளிருக்கு அஞ்சி அதனைக் கண்ணாடி வீட்டிற்குள் வளர்த்தனர். அங்கே நோஞ்சானாகக் கருதப்பட்ட செடி, வெப்பநாட்டில் திறந்தவெளியிலேயே செழிக்கிறது!

ஆதலால் கன்று வாங்குமுன், பூவின் நிறத்தைக் கேட்பதற்கு முன்பாக அதன் தாய்ச்செடி எங்கே வளர்கிறது என்று கேளுங்கள். உங்கள் ஊரை ஒத்த வெயிலில் இரண்டு கோடையைக் கடந்த செடியிலிருந்து எடுத்ததாயின் அச்சமின்றி வாங்கலாம். காலை வெயில் நன்கு படும் கிழக்குப்புறம் நடுவது நன்று. மேற்குச் சுவர் பகலில் வாங்கிய சூட்டை இரவிலும் கக்கும். ஒட்டுக்கன்றாயின் ஒட்டிய இடத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே துளிர்ப்பது நீங்கள் விரும்பி வாங்கிய ரோஜா அன்று, வேர்ச்செடியின் தளிர். செழிப்பாக இருக்கிறதே என்று விட்டுவைத்தால், அது மேலே உள்ள செடியின் உணவையெல்லாம் தானே எடுத்துக்கொள்ளும். கண்டவுடன் அடியோடு கிள்ளிவிட வேண்டும்.