பால்மரம் பளபளக்க வேண்டுமா? உப்புத்தாளைப் பார்த்து வாங்குங்கள்!

உங்கள் வீட்டு மேசையின் மேல் உள்ளங்கையை வைத்து ஒரு முறை தடவிப் பாருங்கள். வழவழவென்று இருக்கிறதா? வெளிர் மஞ்சள் நிறத்தில் இருந்தால் அது பெரும்பாலும் நம் பால்மரம்தான்! உங்கள் பாட்டி விடியுமுன் விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு வெட்டிய அதே மரம்.

இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் பால் கொடுத்து ஓய்ந்த மரத்தை முன்பெல்லாம் என்ன செய்தோம்? அடுப்பில் வைத்தோம், புகைக்கூடத்தில் ஷீட் காய்ச்ச எரித்தோம். வெட்டிய சில நாளிலேயே நீலம் பூத்துவிடும், வண்டு துளைத்துவிடும் என்பதால் தச்சர்கள் அதைத் தொடவே மாட்டார்கள். பலகையை உடனே அறுத்து, போரான் மருந்தை அழுத்தத்தில் ஏற்றி, சூளையில் உலர்த்தினால் கெடாது என்று தெரிந்த பிறகு கதை மாறியது. கெப்போங்கில் உள்ள வன ஆராய்ச்சிக் கழகம் இதில் பெரும் பங்கு கொண்டது. 1980-களில் பால்மர நாற்காலியும் மேசையும் கப்பலேறத் தொடங்கின.

இன்று கோல சிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா பக்கம் ரப்பர் காடு போய்ச் செம்பனை வந்துவிட்டது. தோட்டத்துப் பிள்ளைகளில் சிலர் சுங்கை பூலோவைப் போன்ற இடங்களில் மரச்சாமான் வேலைக்குப் போகிறார்கள். தொழில் பழகி, சேர்த்த வெள்ளியைப் போட்டு, சொந்தமாக ஒரு பட்டறை வைக்கவும் ஆசைப்படுகிறார்கள். உங்கள் மகனோ மருமகனோ அப்படி ஒருவராக இருந்தால், இந்தக் கட்டுரையை அவர் கையில் கொடுங்கள். பட்டறைக்காரருக்கு மெஷின் வாங்கும்போது மட்டுமல்ல, அதில் சுற்றும் உப்புத்தாளாலும் நட்டம் வரலாம்!

டிரம் சாண்டர் என்பது உப்புத்தாள் சுற்றிய ஓர் உருளை. அது வேகமாகச் சுழல, அடியில் பலகை நகர்ந்து போகும். கையால் அரை நாள் தேய்க்க வேண்டிய பலகையைச் சில நிமிடத்தில் சமமாக்கிவிடும். ஆனால் தாள் தவறானால், அதே சில நிமிடத்தில் நல்ல பலகையில் கருப்புக் கோடு விழும். அந்தக் கருகலை எடுக்க மறுபடி இழைக்க வேண்டும். பலகையும் மெலிந்து போகும், கூலியும் போகும்.

கடையில் என்ன பார்க்க வேண்டும்?

முதலில் எண். எண் சிறியதானால் மணல் பெரியது. 60 முரட்டு வேலைக்கு, 80 அல்லது 100 மட்டம் எடுக்க, 120-உம் 150-உம் மெருகுக்கு. 60-இலிருந்து ஒரே தாவாக 150-க்குப் போகாதீர்கள். 60 போட்ட கீறலை 150 அழிக்காது, சாயம் பூசிய பிறகு அது பல்லைக் காட்டும். 180-ஐக் கையாலேயே தேயுங்கள், அதுவும் மரத்தின் ரேகை ஓடும் திசையில்.

இரண்டாவது, முதுகு. கையால் தேய்க்கக் காகித முதுகு போதும். உருளைக்குத் துணி முதுகே வேண்டும், காகிதம் சூட்டில் கிழியும். மணல் அலுமினியம் ஆக்சைடாக இருக்கட்டும். துகள்கள் சற்று இடைவெளி விட்டு ஒட்டியிருந்தால் மரத்தூள் சீக்கிரம் அடைக்காது. கடையிலேயே ஒரு ஓரத்தை மெல்ல வளைத்துப் பாருங்கள். மணல் உதிர்ந்தால் அந்த ரோல் வேண்டாம்.

மூன்றாவது, அளவு. வெட்டி விற்கும் துண்டைவிட முழு ரோல் பெரும்பாலும் மலிவு. உருளையின் விட்டம் 5 அங்குலம், நீளம் 16 அங்குலம், ரோலின் அகலம் 3 அங்குலம் என்று வையுங்கள். உருளையை மூட மட்டும் ஏறக்குறைய 84 அங்குலம் வேண்டும். இரு முனையின் சரிவுக்கும் கிளிப்புக்கும் சேர்த்தால் எட்டடிக்கு மேல் போகும். 25 மீட்டர் ரோலில் ஒன்பது துண்டு எடுக்கலாம். துண்டின் விலையைக் கணக்குப் போட்ட பிறகே பணத்தை எடுங்கள்.

வாங்கிய ரோலைச் சிமெண்டுத் தரையில் போடாதீர்கள். நம் பக்கத்து ஈரக் காற்றில் துணி நீர் குடித்துச் சுருளும். தகரக் கூரை ஒழுகாத இடமாகப் பார்த்து, பரணில் வையுங்கள்.

சுற்றுவது எப்படி?

முதல் வேலை, மின்சாரப் பிளக்கைப் பிடுங்குவது. சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. பழைய தாளைக் கழற்றி, புதிய தாளின் முதுகில் வைத்து, பென்சிலால் கோடிட்டு அதே வடிவத்தில் வெட்டுங்கள். முனைகள் சரிவாக இருந்தால்தான் உருளையின் ஓரத்தோடு சரியாகப் படியும். முதுகில் அம்புக்குறி இருந்தால் உருளை சுழலும் திசையோடு பொருந்த வேண்டும்.

இறுக்கும் வில் இல்லாத பக்கத்துக் கிளிப்பில் தொடங்கி, இழுத்துப் பிடித்தபடி சுற்றிக்கொண்டே வாருங்கள். ஒரு சுற்றின் ஓரம் அடுத்ததை ஒட்டி நிற்கலாம், மயிரிழை இடைவெளியும் இருக்கலாம். ஒன்றின் மேல் ஒன்று ஏறவே கூடாது! ஏறிய இடம் மரத்தை ஆழமாகத் தின்று, சூடேறி, கிழிந்து பறக்கும். கடைசி முனையை வில் உள்ள கிளிப்பில் மாட்டும்போது வில் உள்ளே இழுக்கச் சிறிது இடம் விடுங்கள். வேலை செய்யும்போது தாள் சூட்டில் நீளும், அந்தத் தளர்வை வில் எடுத்துக்கொள்ளும். சில பலகைகள் ஓடியபின் நிறுத்தி, பிளக்கை எடுத்து, மறுபடி இறுக்கம் பாருங்கள்.

80 எண் தாளில் ஒரு தடவைக்கு அரை மில்லிமீட்டருக்கு மேல் எடுக்க வேண்டாம், 120-இல் அதிலும் பாதி போதும். பேராசைப்பட்டால் பலகை கருகும்.

தாளில் தூள் அடைத்துவிட்டால் தூக்கி எறியாதீர்கள். அதற்கென்று கடைகளில் ஒரு கட்டை விற்கிறார்கள். அது என்ன தெரியுமா? கிரேப் ரப்பர்! கட்டிப்பாலையும் ஒட்டுப்பாலையும் ரோலரில் கழுவிப் பிழிந்து நம்மவர்கள் உருவாக்கிய அதே சரக்கு. ஓடும் உருளையில் அதை மெல்ல அழுத்தினால் தூள் ரப்பரில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். பழைய சப்பாத்தின் கிரேப் அடியும் இதே வேலையைச் செய்யும். கண்ணாடி போட்டுக்கொண்டு, நீளமான கட்டையாகப் பிடித்து, பக்கவாட்டில் நின்று செய்யுங்கள். கையுறையும் தொங்கும் துணியும் ஆகாது, உருளை இழுத்துக்கொள்ளும்.

கடைசியாக, வீட்டுப் பெண்களுக்கு ஒரு வார்த்தை. மரத்தூள் மாவைப் போல மெல்லியதாக இருப்பதால் சாதாரணமாக நினைக்கிறோம். அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1995-இல் அறிவித்திருக்கிறது, முக்கியமாக மூக்கில். மெஷினோடு தூள் உறிஞ்சி இல்லாமல் ஓட்ட விடாதீர்கள். கைக்குட்டை போதாது, தூளுக்கென்று விற்கும் முகமூடி வேண்டும். வேலை உடையோடு பிள்ளையைத் தூக்க விடாதீர்கள். பட்டறைக்குள் சுருட்டும் சிகரெட்டும் வேண்டாம், தூள் குப்பென்று பற்றும். சொந்தத் தொழில் செய்பவருக்கும் 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெர்கேசோ பாதுகாப்பு உண்டு. உங்கள் வீட்டுக்காரர் அதில் சேர முடியுமா என்று அலுவலகத்தில் விசாரியுங்கள்.

பாட்டி பால் எடுத்த மரத்தைப் பேரன் மேசையாக்குகிறான். அதே பாலின் ரப்பர் அவன் தாளைத் துடைக்கிறது. அந்த மரத்தில் நம் குடும்பங்களுக்கு இன்னும் சோறு இருக்கிறது. அதைத் தேய்க்கும் பிள்ளையின் மூச்சையும் விரலையும் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு அல்லவா?