பொறியியற் சிறப்பும் அதனை அளக்கும் கோலும்: மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தை முன்வைத்து ஒரு நோக்கு

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்லடிக்குச் செல்வோர் இன்று அருகருகே இரு பாலங்களைக் காண்பர். ஒன்று, யப்பானிய நிதியுதவியுடன் அமைக்கப்பட்டு 2013ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் திறந்துவைக்கப்பட்ட கொங்கிறீற்றுப் பாலம். மற்றையது பழைய இரும்புப் பாலம். 1918 தொடக்கம் 1925 வரை இலங்கைத் தேசாதிபதியாக இருந்த சேர் வில்லியம் மனிங்கின் துணைவியார் பெயரால் அது வழங்கிற்று. 1924 என்பது அதன் ஆண்டாகப் பொதுவாகக் குறிக்கப்படுகின்றது. ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள், ஒரு வேளையில் ஒரு திசை வாகனங்களையே செல்லவிட்ட அவ்வொடுங்கிய பாலம், எழுவான்கரையின் பெருந்தெருவைத் தாங்கிநின்றது. 1978ஆம் ஆண்டு நவம்பர் மாதச் சூறாவளியையும் 2004ஆம் ஆண்டு டிசம்பர் மாதக் கடற்கோளையும் அது கண்டது.

தேசாதிபதியின் துணைவியார் பெயர் பாலத்தில் நிலைத்தது. அதை வரைந்தவர், ஆற்றுப்படுகையிலே தூண் இறக்கியவர், உப்புக்காற்றிலே துருவேறும் இரும்பைத் தலைமுறை தலைமுறையாகச் சுரண்டி வர்ணம் பூசியவர் ஆகியோரின் பெயர்களை ஊர் அறியாது. ஒரு பொறியியல் ஆக்கத்தின் சிறப்பு எவருக்கு உரியது? அதனைத் தீர்மானிப்பவர் யார்? எந்தக் கோலினால் அது அளக்கப்படுகின்றது? தொழில்சார் கழகங்கள் வழங்கும் விருதுகளைப் பற்றி ஆராயப் புகுவோர் எதிர்கொள்ள வேண்டிய வினாக்கள் இவை. இவ்வினாக்களுக்கு வாவிப் பிரதேசத்தின் அனுபவம் தரும் விடையைத் தொகுத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. விருது என்னும் ஏற்பாடு

பழந்தமிழ் வழக்கிலே புலவரும் கலைஞரும் புரவலரிடம் பெற்றது பரிசில். அங்கே கொடுப்பவன் வேறு, பெறுபவன் வேறு. தொழில்சார் கழகத்தின் விருது இதனின்றும் வேறுபட்டது. ஒரே தொழிலைச் செய்வோர் கூடித் தம்முள் ஒருவரின் ஆக்கத்தை மதிப்பிட்டு அதனைச் சிறந்ததென அறிவிக்கின்றனர். புரவலரின் விருப்பம் நின்ற இடத்திலே சகதொழிலாளரின் தீர்ப்பு வந்து நிற்கின்றது. கைத்தொழிற் புரட்சியின் பின், பொறியியல் தனியொரு தொழிலாக உருப்பெற்றபொழுதே இவ்வேற்பாடும் உருப்பெற்றது.

1818ஆம் ஆண்டு லண்டனில் நிறுவப்பட்ட குடிசார் பொறியியலாளர் நிறுவகம் இதற்கு முன்னோடி எனலாம். 1820இல் அதன் முதலாவது தலைவரானவர் தோமஸ் தெல்போட். ஸ்கொத்லாந்தில் இடையர் குடும்பத்திற் பிறந்து, கற்கொத்தராகத் தொழில் தொடங்கி, தெருக்களும் பாலங்களும் கால்வாய்களும் அமைத்துப் புகழ் பெற்றவர். 1834இல் அவர் இறந்தபொழுது விட்டுச்சென்ற நிதியைக்கொண்டு அவர் பெயரிலான பதக்கம் வழங்கப்படலாயிற்று. நிறுவகத்துக்குச் சமர்ப்பிக்கப்பட்ட கட்டுரைகளுக்கே அது வழங்கப்பட்டது. தான் கண்டறிந்ததை மறைக்காது எழுதிச் சகதொழிலாளர்முன் வைப்பவனையே கழகம் கௌரவித்தது. தொழில் இரகசியம் பொது அறிவாக மாறுவதற்கு விருது தூண்டுகோலாயிற்று என்பது கவனிக்கத்தக்கது.

இலங்கையிலே 1906இல் தோன்றிய பொறியியற் சங்கம், 1968ஆம் ஆண்டின் பாராளுமன்றச் சட்டத்தினாற் கூட்டிணைக்கப்பட்டு, 1972இல் நாட்டின் பெயர் மாறியதையடுத்து இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம் எனப் பெயர் பெற்றது. பல்கலைக்கழகப் பொறியியற் கல்வியை வளர்த்த பேராசிரியர் ஈ. ஓ. ஈ. பெரேராவின் பெயரால் அந்நிறுவகம் வழங்கும் விருதும் கட்டுரைக்கே உரியது. 1944இல் தொடங்கப்பட்ட விஞ்ஞான முன்னேற்றச் சங்கம் தன் பிரிவுகளுள் ஒன்றைப் பொறியியலுக்கு ஒதுக்கியுள்ளது. 1979ஆம் ஆண்டின் சட்டமொன்று புத்தாக்குநரை ஊக்குவிக்க ஆணைக்குழுவொன்றை ஏற்படுத்தியது.

மேலைநாடுகளில் இடையே ஒரு மாற்றமும் நிகழ்ந்தது. அமெரிக்கக் குடிசார் பொறியியலாளர் சங்கம் 1960இல் தொடங்கிய ஆண்டு விருது, தனியொருவருக்கன்றி முழுத் திட்டத்துக்கே உரியதாயிற்று. முதல் ஆண்டில் சென். லோறன்ஸ் ஆற்றின் மின்சக்தி, கப்பற்பாதைத் திட்டம் அதனைப் பெற்றது. பாரிய ஆக்கமொன்று பல்லாயிரவர் கூட்டுழைப்பின் பயன் என்பதை ஏற்றுக்கொண்டமையே இம்மாற்றத்தின் பொருள்.

ஆயினும், கட்டுரைக்காயினும் திட்டத்துக்காயினும், இத்தகைய விருதுகளின் அளவுகோல் பெரும்பாலும் புதுமை, வடிவமைப்பிலே எதிர்கொண்ட சிக்கல், செலவுச் சிக்கனம் என்பவற்றையே சார்ந்துள்ளது. வேலை முடிந்து திறப்புவிழா நடந்த அண்மையிலேயே மதிப்பீடும் நடந்துவிடுகின்றது. பத்தாண்டு, இருபதாண்டு கழித்து அவ்வாக்கம் எவ்வாறு பயன்படுகின்றது என்பதை வினவ அங்கே இடம் குறைவு. வாவிப் பிரதேசத்தை நோக்கும்பொழுது இக்குறைபாடு தெளிவாகின்றது.

2. ஆற்றுவாய் வெட்டுதல்

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடப்பது. அதன் கிழக்கே கடலை அடுத்த எழுவான்கரையில் மீனவர் குடியிருப்புகளும் நகரங்களும். மேற்கே படுவான்கரையில் நெல்வயல்கள். உன்னிச்சை, உறுகாமம், நவகிரி முதலிய குளங்களும் மேற்குப் புறத்தனவே. மாரி மழையின் வெள்ளம் ஆறுகள் வழியே வாவியை வந்தடைந்து, பாலமீன்மடுவை அடுத்த முகத்துவாரத்தினாலும் தெற்கே கல்லாற்றினாலும் கடலிற் சேரும். கோடையில் அலைகள் ஒதுக்கும் மணல் இவ்வாயில்களை அடைத்துத் திட்டாகிவிடும். மாரி தொடங்கி வாவி பெருகும்பொழுது அத்திட்டை வெட்டிவிடவேண்டும்.

பார்வைக்கு இது மண்வெட்டியால் ஆகும் வேலை. உண்மையில் இதனுள் நுட்பமான நீரியற் கணிப்பு அடங்கியுள்ளது. வாவியின் நீர்மட்டம் கடல்மட்டத்திலும் போதிய அளவு உயர்ந்திருக்கையில் ஒடுங்கிய வாய்க்காலொன்றை வெட்டினால் நீர் தன் விசையாலேயே மணலை அரித்து வாயை அகலப்படுத்திக்கொள்ளும். மட்டம் போதாதபொழுது வெட்டினால் ஓட்டம் வலுவிழந்து, அலை மீண்டும் மணலைக் கொண்டுவந்து வாயை அடைத்துவிடும், உவர்நீரும் உட்புகும். பிந்தி வெட்டினாலோ படுவான்கரையின் தாழ்ந்த வயல்களில் முளைத்த பயிர் நீரில் மூழ்கி அழுகும். தாழ்நிலக் குடியிருப்புகளுக்கும் வெள்ளம் வரும். மீனவரின் கணக்கு வேறு. கடலிலிருந்து மீன்குஞ்சும் இறாற்குஞ்சும் வாவிக்குட் புகுவதற்கு வாய் திறந்திருத்தல் வேண்டும். ஆனால் வாவிநீர் ஒரேயடியாக வடிந்துபோவது அவர்களுக்கும் நட்டமே.

ஆகவே எந்த நாளில், எந்த இடத்தில் வெட்டுவது என்பது நீர்மட்ட அளவீடு, மழையின் போக்கு, கடலின் நிலை, இரு தொழிலாரின் நலன் ஆகிய யாவற்றையும் ஒருங்கே சீர்தூக்கி எடுக்கப்படும் முடிவாகும். அதிகாரிகளும் நீர்ப்பாசனப் பொறியியலாளரும் கமக்காரரும் மீனவரும் அதிலே சம்பந்தப்படுகின்றனர். அது சரியாக எடுக்கப்பட்ட ஆண்டில் எதுவும் நிகழ்வதில்லை. வயல் விளைகின்றது, வலையில் மீன் படுகின்றது, மறுகோடையில் வெட்டிய இடமும் மணல்மூடி மறைந்துவிடுகின்றது. படம் எடுத்து விருதுக்குழுவின்முன் வைக்கத்தக்க சின்னம் எதுவும் எஞ்சுவதில்லை. அழிவு நேராமல் தடுத்ததே அதன் வெற்றியாகையால், வழக்கமான அளவுகோலில் அவ்வெற்றி பதிவாவதேயில்லை.

3. கல்லோயா தரும் பாடம்

இரண்டாவது உதாரணம் வாவிக்குத் தென்மேற்கே உள்ளது. பட்டிப்பளை ஆறு எனத் தமிழர் வழங்கிய கல்லோயாவை இங்கினியாகலையில் மறித்து அணைகட்டும் வேலை 1949இல் தொடங்கிற்று. அமெரிக்க நிறுவனமொன்று பாரிய இயந்திரங்களைக்கொண்டு அதனை அமைத்தது. சேனநாயக்க சமுத்திரம் எனப் பெயர் பெற்ற அந்நீர்த்தேக்கம் சுதந்திர இலங்கையின் பொறியியற் சாதனையாகக் கொண்டாடப்பட்டது. அத்திட்டத்தோடு வந்த குடியேற்றமும், 1956ஆம் ஆண்டு அங்கே தமிழருக்கெதிராக நிகழ்ந்த வன்செயலும், 1961இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டமையும் இப்பிரதேச வரலாற்றின் ஆறாத பகுதிகள். அணையின் உயரத்தையும் கொள்ளளவையும் மட்டும் கொண்டு அச்சாதனையை மதிப்பிடுபவர், அந்நீர் யாருடைய நிலத்தை எவ்வாறு மாற்றியது என்பதைக் கணக்கில் எடுப்பதில்லை.

எழுபதுகளின் முடிவில் இடதுகரை வாய்க்காற்றொகுதி பெரிதும் சீர்கெட்டிருந்தது. வாய்க்கால்கள் தூர்ந்தும், கதவுகள் உடைந்தும் கிடந்தன. தலைப்புறத்தார் வேண்டியதற்கு மேலாக நீரெடுக்க, கடைக்கோடியில் இருந்தோருக்கு நீர் எட்டவில்லை. தலைப்புறத்திற் பெரும்பாலோர் சிங்களவர். கடைக்கோடியில் தமிழரும் இருந்தனர். 1981 முதல் கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்ணெல் பல்கலைக்கழகமும் இணைந்து ஒரு முயற்சியை மேற்கொண்டன. படித்த இளைஞரும் யுவதிகளும் அமைப்பாளர்களாகக் கிராமங்களிற் சென்று வாழ்ந்து, வயல்வாய்க்கால் மட்டத்திலே கமக்காரரைச் சிறு குழுக்களாக ஒன்றுசேர்த்தனர். நீர்த்தேக்கம் மிகக் குறைவாக நிரம்பியிருந்த அப்போகத்திலேயே கமக்காரர் சிரமதானமாக வாய்க்கால்களைத் துப்புரவு செய்தனர். முறைவைத்து நீர் பகிர்ந்தனர். மிச்சப்படுத்திய நீரைக் கடைக்கோடிக்கு விட்டனர். சிங்களக் கமக்காரர் தமிழ்க் கமக்காரருக்கு நீர்விட்டதையும், இம்முயற்சியில் முன்னின்ற நோர்மன் அப்ஹொவ் 1992இல் வெளியிட்ட நூலிற் பதிவு செய்துள்ளார்.

இங்கே புதிய அணை எதுவும் எழவில்லை. இருந்த நீர் கூடுதலான நிலத்தை எட்டியது. பிரயோக விஞ்ஞானத்தின் பயன் மக்கள் வாழ்வு மேம்படுதலே எனக் கொண்டால், இது அணைகட்டியதற்குக் குறைந்த சாதனையன்று. வட்டவிதானை, முறைநீர் என்னும் பழைய ஏற்பாடுகள் வழிவந்த பிரதேசத்துக்கு இவ்வறிவு முற்றிலும் புதியதுமன்று.

4. அவை என்னும் உரைகல்

சிறப்பை மதிப்பிடும் மரபொன்று தமிழிலும் உண்டு. அதற்கு அண்மைக்கால உதாரணம் இவ்வாவிப் பிரதேசத்தின் மைந்தர் ஒருவரே. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் (1892–1947) கொழும்பிலே தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞானம் கற்றவர். லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி. மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர். மறைந்துபோன யாழ்க் கருவியைப் பௌதிகமும் கணிதமும் இலக்கியச் சான்றும் கொண்டு மீட்டுருவாக்கிய அவரது யாழ்நூல், 1947ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூரிலே, கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவுடன் அரங்கேறிற்று. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார்.

அரங்கேற்றம் என்பது துறை அறிந்தோர் அவையிலே ஆக்கத்தை வைத்து ஏற்புப் பெறுதல். கட்டுரையைச் சகதொழிலாளர்முன் படித்தலும் சாராம்சத்தில் அதுவே. ஆனால் அவையில் அறிஞரோடு சுவைஞரும் இருப்பர். கருவியாயின் அது ஒலித்துக் காட்டப்படவேண்டும். பயன்கொள்வோர் முன்னிலையிலேயே தகுதி உறுதிப்படுகின்றது. தற்கால விருதுக்குழுக்களில் இல்லாத அம்சம் இதுவே. பாலத்தை மதிப்பிடும் குழுவிலே பாலத்தால் நடப்பவன் இல்லை. வாய்க்காலை மதிப்பிடும் குழுவிலே கடைக்கோடிக் கமக்காரன் இல்லை.

பதக்கமின்றியே நிலைபெறும் ஏற்பும் உண்டு. பேராசிரியர் அழகையா துரைராஜா கேம்பிறிட்ஜில் றொஸ்கோ, ஸ்கோபீல்ட் என்போருடன் சேர்ந்து 1963இல் வெளியிட்ட களிமண் பற்றிய கட்டுரை மண் பொறிமுறையின் அடிப்படை ஆவணங்களுள் ஒன்று. அதிலிருந்து வளர்ந்த கோட்பாட்டு மாதிரி, கேம்பிறிட்ஜில் ஓடும் கேம் ஆற்றின் பெயரைத் தாங்குகின்றது. ஆய்வாளர் பெயர் அதில் இல்லை. ஆயினும் மெல்லிய களிமண்ணில் அத்திவாரமிடுவோர் அவ்வறிவை இன்றும் பயன்படுத்துகின்றனர். அவர் தாயகம் திரும்பிப் பேராதனையிற் கற்பித்து, பின் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகப் போர்க்காலத்திற் பணியாற்றி 1994இல் மறைந்தார். இக்கட்டான காலத்திலே ஒரு கல்விநிலையத்தை இயங்கவைத்த அப்பணியை எந்த விருதின் விதிமுறையில் அடக்குவது?

5. கோலைத் திருத்துதல்

மேற்கூறியவற்றால் விருதுகள் வேண்டாதன என்னும் முடிவுக்கு நாம் வரவில்லை. ஒரு தொழிற்சமூகம் எதனைச் சிறப்பெனப் போற்றுகின்றதோ அதனையே அதன் இளைய தலைமுறை நாடும். பராமரிப்புக்கு மதிப்பில்லையெனின் திறமையுள்ள மாணவன் பராமரிப்பை நாடமாட்டான். ஆகையால் அளவுகோலைத் திருத்துவது நடைமுறை முக்கியத்துவம் உடைய பணியாகும்.

திருத்தம் இயலாததன்று. நீர்ப்பாசனத்துக்கும் வடிகாலமைப்புக்குமான சர்வதேச ஆணைக்குழு 2014 முதல் மரபுரிமை நீர்ப்பாசன ஆக்கங்களைப் பட்டியலிட்டு வருகின்றது. நூறாண்டுக்கு மேற்பட்டவையே அதில் இடம்பெறலாம். அநுராதபுரத்து அபய வாவியும் நாச்சதூவக் குளமும் தொடக்கத்திலேயே அதிற் சேர்க்கப்பட்டன. காலத்தைத் தாங்கிநிற்றல் ஒரு தகுதியாகலாம் என்பதற்கு இது சான்று. இதனை வழிகாட்டியாகக் கொண்டு மூன்று மாற்றங்களை முன்வைக்கலாம். திறப்புவிழாவின் பின் குறைந்தது பத்தாண்டு பயன்பட்ட ஆக்கங்களுக்கும், அவற்றைப் பராமரித்த குழுக்களுக்கும் தனி விருது வேண்டும். மதிப்பீட்டுக் குழுவிலே பயனாளிகள் இடம்பெறவேண்டும். விண்ணப்பமும் கட்டுரையும் தமிழிலும் சிங்களத்திலும் ஏற்கப்படவேண்டும். ஆற்றுவாயை அறிந்த முதியவரின் அறிவு ஆங்கில அறிக்கையாக வரும்வரை காத்திருந்தால் அது அவரோடேயே போய்விடும்.

மூன்றாவதில் பல்கலைக்கழகத்துக்கும் நேரடிப் பொறுப்புண்டு. ஆண்டுதோறும் முகத்துவாரம் எப்பொழுது வெட்டப்பட்டது, அன்று நீர்மட்டம் என்ன, வாய் எத்தனை நாள் திறந்திருந்தது, வயலும் வலையும் என்ன கண்டன என்பவற்றை மாணவர் தமிழிலே தொடர்ச்சியாகப் பதிந்துவருவாராயின், இருபதாண்டில் அதுவே சிறந்த ஆய்வு ஆவணமாகும். பழைய பாலத்திலே வர்ணம் பூசியோரில் உயிரோடிருப்பவர் வாய்மொழியும் அவ்வாறே சேகரிக்கத்தக்கது. விருதுக்குழு பின்னர் கூடட்டும். அதன்முன் வைப்பதற்கு வேண்டிய சான்றை இப்பொழுதே திரட்டத் தொடங்குவது நம் கடமையாகும்.