பட்டியலில் மறைந்த பெயர்கள்

ஐரோப்பியக் கூடைப்பந்து சாம்பியன் பட்டத்தை அதிக முறை வென்ற நாடு எது? 14 பட்டங்களுடன் சோவியத் யூனியன் என்கிறது பட்டியல். எண் சரியே; வரலாறு அதனுள் அடங்கவில்லை.

1935-இல் ஜெனீவாவில் 10 நாடுகளுடன் தொடங்கிய இப்போட்டியின் முதல் பட்டம் லாட்வியாவுக்குக் கிடைத்தது. வென்ற நாடே அடுத்த போட்டியை நடத்துவது அன்றைய வழக்கம். அவ்வாறு 1937-இல் லாட்வியத் தலைநகர் ரிகாவில் லிதுவேனியா வென்றது. 1939-இல் தன் மண்ணில், கௌனஸ் நகரில் புதிதாக எழுப்பிய அரங்கில், பட்டத்தைத் தக்கவைத்துக் கொண்டது.

மறு ஆண்டே இவ்விரு நாடுகளும் எஸ்தோனியாவும் சோவியத் யூனியனுடன் வலிந்து இணைக்கப்பட்டன. 1947-இல் பிராகா நகரில் சோவியத் யூனியன் முதல் பட்டத்தை வென்றபோது, அந்த அணியில் லிதுவேனிய, எஸ்தோனிய வீரர்கள் இருந்தனர். ஆட்டம் அவர்களுடையது, கொடி வேறு.

1990-இல் விடுதலையை அறிவித்த லிதுவேனியா, 2003-இல் ஸ்டாக்ஹோமில் ஸ்பெயினை 93-84 என வீழ்த்தியது. சொந்தப் பெயரில் மீண்டும் பட்டம் வெல்ல அதற்கு 64 ஆண்டுகள் ஆயின.

வாழ்நாளெல்லாம் புள்ளிவிவரங்களைப் பயிற்றுவித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: எந்தப் பட்டியலைப் படித்தாலும், யாருடைய உழைப்பு யார் பெயரில் வரவு வைக்கப்பட்டிருக்கிறது என்று கேட்பது நல்லது.