கணிப்பொறிக்கு இரட்டை மூளை



"என்னம்மா இது, மூன்றைக் கொடுத்துவிட்டு இரண்டுகூட இல்லாத ஒன்றையா வாங்கப் போகிறாய்?" என்று 2012-ஆம் ஆண்டில் என் தந்தையார் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

2006-இல் வாங்கிய எங்கள் வீட்டுக் கணிப்பொறியில் இருந்த செயலி, அதாவது பிராசசர், இன்டெல் பென்டியம் 4 வகையில் 630 என்னும் எண்ணுடையது. அதன் வேகம் 3 கிகாஹெர்ட்ஸ். நொடிக்கு 300 கோடித் துடிப்புகள். நான் பழைய பொருள் கடையில் பார்த்து வைத்த கோர் 2 டுயோ ஈ6300 செயலிக்கோ 1.86 கிகாஹெர்ட்ஸ்தான். புதுக் கணிப்பொறி வாங்க வசதியில்லை. தங்கையின் படிப்புக்கோ அது இல்லாமல் முடியாது. பணம் வீணாகுமோ என்பதே அப்பாவின் கவலை.

கட்டட வேலையில் சித்தாள்கள் வரிசையாக நின்று செங்கல் கைமாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். செயலிக்குள் கட்டளைகளும் அவ்வாறே கைமாறுகின்றன. அந்தப் பென்டியம் 4-இல் அவ்வரிசைக்கு 31 நிலைகள். கோர் 2-இல் 14 மட்டுமே. அடுத்து வரும் கட்டளை எதுவென்று செயலி முன்கூட்டியே ஊகித்துக்கொள்ளும். ஊகம் தவறினால் வரிசையில் உள்ளதை எறிந்துவிட்டு மீண்டும் தொடங்க வேண்டும். வரிசை நீளமானால் நட்டமும் அதிகம். எனவே துடிப்பு குறைவாயினும் கோர் 2 முடிக்கும் வேலை மிகுதி. வெப்பமும் குறைவு: முன்னதன் அளவு 84 வாட், பின்னதன் அளவு 65 வாட்.

இத்துடன், கோர் 2 டுயோவில் ஒரே சில்லுக்குள் இரண்டு செயலி மையங்கள் உள்ளன. முன்பு வைரஸ் சோதனை ஓடும்போது தங்கை தட்டச்சு செய்தால் எழுத்துகள் ஆற அமர வந்து நிற்கும். இரு மையங்கள் இருந்தால் ஒன்று சோதனையைப் பார்த்துக்கொள்ளும், மற்றது தங்கையைக் கவனிக்கும். ஆனால் ஒரு பானைச் சோற்றை இரண்டு அடுப்பில் வைத்து விரைவாக வேகவைக்க முடியாதல்லவா? பிரித்துச் செய்ய இயலாத வேலைக்கு இரண்டாம் மையம் உதவாது.

அப்பா சம்மதித்தார். பழையதைக் கழற்றிப் புதியதைப் பொருத்தினேன். திரை இருண்டே கிடந்தது! என் பயத்தைச் சொல்லி முடியாது.

செயலி அமரும் இடத்தில் 775 தொடுமுனைகள்; இரண்டு செயலிகளும் அதில் அழகாகப் பொருந்துபவையே. ஆனால் மதர்போர்டில் உள்ள பயாஸ் என்னும் தொடக்க நிரலுக்குப் புதியவரை அடையாளம் தெரியவில்லை. அதைப் புதுப்பிக்கக் கணிப்பொறி ஓட வேண்டும். ஓடுவதற்குப் பழைய செயலி வேண்டும். மீண்டும் கழற்றினேன், மீண்டும் மாட்டினேன். பயாஸ் மாறும் சில நிமிடங்களில் மின்சாரம் நின்றால் மதர்போர்டே செயலிழக்கலாம். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் இருந்த மின்வெட்டைப் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். மாமா வீட்டு யு.பி.எஸ்.ஸை இரவல் வாங்கி வந்துதான் அதில் கைவைத்தேன். பின்னர் புதுச் செயலியைப் பொருத்தி, தெர்மல் பேஸ்ட் தடவி, விசிறியை இறுக்கியதும் திரை ஒளிர்ந்தது. அப்பா ஒன்றும் சொல்லாமல் காபி கொண்டுவரச் சொன்னார்.

இப்படிச் செய்ய எண்ணுவோர் முதலில் தங்கள் மதர்போர்டின் பெயரைக் குறித்துக்கொண்டு, அது ஏற்கும் செயலிகளின் பட்டியலைப் பாருங்கள். சில பலகைகளின் மின்னழுத்தப் பகுதி புதுச் செயலிக்குப் போதாது. அங்கே பயாஸை மாற்றியும் பயனில்லை. டாஸ்க் மேனேஜரையும் திறந்து பாருங்கள். செயலி ஓய்வாக இருந்து நினைவகம் நிரம்பி வழிந்தால், ராம் வாங்குவதே சிக்கனம். விண்டோஸ் 11 இத்தனை பழைய செயலிகளை ஏற்பதில்லை என்பதால், இன்று இவற்றில் லினக்ஸ் போடுவதே வழி. தங்கை அதே கணிப்பொறியில்தான் பன்னிரண்டாம் வகுப்பை முடித்தாள்.